மொட்டு நிற்காத வீடு

சித்தப்பாவுக்குப் பேச வராது என்று என் அம்மா சொல்வாள். அது பொய். ஒரு பப்பாளியை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். காம்புப் பக்கம் முகர்ந்து, வயிற்றில் விரலால் ஒரு தட்டுத் தட்டி, அது வண்டியில் எந்த அடுக்கில் நசுங்கிக்கொண்டு வந்தது, இன்றைக்கு அறுக்கலாமா நாளைக்கா என்பது வரை சொல்லிவிடுவார். மனிதர்களிடம்தான் அவருக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். அதிலும் சித்தியிடம். கப்பலிலிருந்து சித்தி போன் பண்ணினால் இந்தப் பக்கம் "ம்", "சரிம்மா", "சாப்டியா" என்று மூன்று சாமான்தான் இருக்கும். கடையில் அத்தனை ரகம் பழம் அடுக்கியிருக்கும் மனுஷரிடம் வார்த்தையில் மட்டும் சரக்கு இல்லை.

நான் அவருடைய அண்ணன் மகள். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பாதியிலேயே பேச்சுவார்த்தை முறிந்துவிட்டதால் பகலெல்லாம் கடையில்தான் இருப்பேன். தெருவில் எனக்குப் பெயர் வாலு. ஆப்பிள் மேல் ஒட்டியிருக்கும் குட்டி ஸ்டிக்கரை உரித்து, யார் முதுகு, யார் வழுக்கை என்று பார்த்து ஒட்டுவதில் எனக்குக் கொஞ்சம் கைராசி உண்டு. ஒருநாள் முழுக்கச் சித்தப்பா பின்மண்டையில் ஸ்டிக்கரோடு வியாபாரம் பார்த்தார். வந்தவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்கள். "இன்னிக்கு ஜனங்க நல்ல மனசா இருக்காங்கடி" என்றார். அவர் அப்படித்தான்.

கீழே முன்பக்கம் பழக்கடை. அதன் பின்பக்கம் நானும் அப்பா அம்மாவும். மாடியில் இரண்டு அறை, சித்தப்பா சித்தியுடையது. அவர்களுடையது என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். பின்னறை காய்களைப் பழுக்க வைக்கும் அறை. காயாக வந்திறங்கும் வாழை, மாங்காய், வெண்ணெய்ப்பழம் எல்லாம் அங்கே பெட்டிகளில் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். அங்கே இடம் பத்தாவிட்டால் முன்னறைக்கு வரும். முன்னறையிலும் பத்தாவிட்டால் கட்டிலுக்கு அடியில் போகும். தூக்கத்தில் காலைக் கீழே வைத்து ஒரு மாம்பழத்தை மிதித்து எழுந்த கதையைச் சித்தி சொன்னால் நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்போம். சித்தியும் சிரிப்பாள். அவள் அதை எத்தனை முறை சொல்லியிருக்கிறாள் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

சித்தி பயணிகள் கப்பலில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். படுக்கை விரிப்பது, குளியலறை தேய்ப்பது, துண்டை மடித்து யானை, அன்னம், குரங்கு என்று பண்ணிக் கட்டில் மேல் உட்கார வைப்பது. ஒரு தடவை போய்த்தான் பார்க்கிறேனே என்று கிளம்பியவள், பிறகு ஒவ்வொரு ஒப்பந்தமாகப் போய்க்கொண்டே இருந்தாள். மாதக்கணக்கில் கடல், சில வாரங்கள் வீடு, மறுபடி கடல். "அங்க எனக்குன்னு ஒரு கட்டில், ஒரு விளக்கு, ஒரு குட்டி அலமாரி இருக்கு. அலமாரியைத் திறந்தா என் துணிதான் இருக்கும். வாழைப்பழம் இருக்காது" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டுச் சிரிக்க மறந்துவிட்டாள்.

ஒரு தடவை வந்தபோது மடியில் ஒரு செடியோடு ஆட்டோவிலிருந்து இறங்கினாள். ஆர்க்கிட். தடிமனான நாலைந்து இலை, அதிலிருந்து வில்லாக வளைந்த ஒரு தண்டு, தண்டு முழுக்க வெள்ளைப் பூ. இறக்கை விரித்த பூச்சிகள் வரிசையில் நிற்பது மாதிரி. நடுவில் மட்டும் வெற்றிலை போட்ட வாய் போலச் சிவப்பு.

"யாரோ பெரிய இடத்து அம்மா அறையில விட்டுட்டுப் போயிட்டாங்க. தூக்கிப் போடச் சொன்னாங்க. பூத்துக்கிட்டு நிக்கிறதை எப்படிப் போடறது?" என்றாள்.

சித்தப்பா செடியைச் சுற்றி வந்து பார்த்தார். பழக்க தோஷத்தில் ஒரு பூவை முகர்ந்தார். "வாசனையே இல்லையே" என்றார்.

"எல்லாத்துக்கும் வாசனை வேணுமா உங்களுக்கு? சும்மா பார்க்கக் கூடாதா?"

"சரிம்மா."

அந்த விடுமுறை முடிந்து அவள் கிளம்பும்போது கடைசிப் பூவும் வாடியிருந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, பெட்டியின் கைப்பிடியை நீட்டிக்கொண்டே, சித்தி சொன்னாள்: "இந்த வீட்ல ஒண்ணு பழுக்கும், இல்லைன்னா அழுகும். பூத்து நான் எதையும் பார்த்ததில்ல. இது ஒருதடவை பூக்கட்டும். அப்புறம் நான் போறதா வேணாமான்னு யோசிக்கறேன்."

போகிற போக்கில் சொன்ன வார்த்தை. அம்மாகூடச் சிரித்தாள். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. மாடிக்குப் போய் முன்னறை ஜன்னலில் தொட்டியை வைத்துவிட்டு, அதன் முன்னால் வெகு நேரம் நின்றார். போகாதே என்று நேராகச் சொல்ல வராத மனுஷருக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. செடி பூத்தால் அவள் இருப்பாள். அவ்வளவுதான் கணக்கு.

ஆரம்பத்தில் நிறையக் கோளாறு செய்தார். மரப்பட்டைத் துண்டுகளில் இருந்த செடியைப் பிடுங்கி, நல்லது பண்ணுகிறேன் பேர்வழி என்று எருப் போட்ட மண்ணில் நட்டார். செடி மூச்சுத் திணறிப்போய் இரண்டு இலையைக் கழற்றிப் போட்டது. மறுபடி பட்டைத் துண்டுக்கே மாற்றினார். தொட்டியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வேரை எல்லாம் உள்ளே திணிக்கப் பார்த்தார். அது காற்றில் தொங்கத்தான் ஆசைப்படுகிறது என்று புரிய ஒரு மழைக்காலம் போனது. அப்புறம் மெல்ல மெல்லப் பிடிபட்டது. தொட்டி கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும். வேர் சாம்பல் பூத்திருந்தால் தாகம். பச்சையாக இருந்தால் போதும், கிட்டே வராதே. தாகம் எடுத்தால் வாளித் தண்ணீரில் தொட்டியை முங்க விட்டு, எடுத்து, சொட்டு நிற்கிறவரை கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே வைத்துவிட்டுப் போகலாமே என்றால், "குளிச்சுட்டு ஈரத்தோட யாராவது உக்காருவாங்களா?" என்பார்.

வெளிக்காற்று சில்லென்று ஆன ஒரு பருவத்தில் இலை இடுக்கிலிருந்து பச்சையாக ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. மூக்கு நீண்டு தண்டானது. அம்மாவின் துணிக் கிளிப்பை எடுத்து ஒரு குச்சியோடு சேர்த்து நிமிர்த்தினார். பட்டாணி பட்டாணியாக மொட்டு வைத்தது. தெருவில் பாதிப் பேரை மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். விரியப் போகிறது, இதோ என்று இருந்த வாரத்தில் மொட்டுகள் மஞ்சளாகி, காம்போடு கழன்று, ஒவ்வொன்றாக ஜன்னல் விளிம்பில் விழுந்தன.

அடுத்த தடவையும் அதே கதை. தண்டு, மொட்டு, மஞ்சள், பொத்.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். தண்ணீர் அதிகம் என்றார் அப்பா. தண்ணீர் போதாது என்றாள் அம்மா. அவர்கள் இருவரும் ஒரே காரணம் சொன்னால்தான் அதிசயம். எதிர்த்த கண்ணாடிக்கடை அக்கா, மூக்குக்கண்ணாடி விற்கிறவள், நாக்கை மட்டும் எந்த உறையிலும் போட்டு வைக்காதவள், கடை வாசலிலிருந்தே கத்தினாள்: "பழக்காரரே, காலைல எழுந்ததும் உங்க மூஞ்சில முழிக்குது பாருங்க. எந்த மொட்டுக்குத்தான் விரியத் தோணும்?"

சித்தப்பா உதிர்ந்த மொட்டைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து விரலால் அமுக்கிப் பார்த்தார். "பிஞ்சா இருக்கையிலேயே பழுத்துடுச்சுடி, பாரு" என்றார். பார்த்தேன். அவர் வாயில் வந்த வார்த்தை அவர் காதிலேயே விழவில்லை, என் காதிலும் விழவில்லை.

சித்தி போனில் கேட்பாள், "செடி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா. சாப்டியா?"

மூன்றாவது முறையும் மூக்கு எட்டிப் பார்த்தது. அதே சமயத்தில் சித்தியின் போன் வந்தது. வருகிறாளாம். இந்த முறை ஒரு வித்தியாசம். அடுத்த ஒப்பந்தம் நீளமானதாம், அறைகளுக்கெல்லாம் மேற்பார்வையாளர் வேலையாம். அந்த வேலைக்கு வருகிறாளா இல்லையா என்று விடுமுறை முடிவதற்குள் கப்பல்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டுமாம். "வந்து பேசிக்கலாம்" என்றாள். பேசிக்கலாம் என்ற வார்த்தையைக் கேட்டதும் சித்தப்பாவின் முகம், எடை போடும்போது தராசுத் தட்டு தவறி விழுந்த மாதிரி ஆனது.

அன்றைக்குக் கடை மூடுகிற நேரத்தில், அவர் சட்டைக் காலரில் ஒட்டுவதற்கு ஒரு புது ஸ்டிக்கரோடு மாடிப்படி ஏறினேன். எப்போதும் போல, கனிந்து மிஞ்சிய வாழைப்பழக் கூடையைக் கொண்டுபோய் ஜன்னலுக்குக் கீழே வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். செடியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்தா பாரும்மா. நான் என்ன சொல்ல வர்றேன்னா... நீ அங்க போனப்புறம் இங்க... அதாவது வீடுன்னா..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "பப்பாளி இப்ப நல்லா வருது."

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். "இந்தா பாரும்மா."

ஸ்டிக்கரை என் உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டு சத்தம் போடாமல் இறங்கி வந்துவிட்டேன்.

மொட்டுகள் மிளகு அளவில் இருந்த ஒரு காலை நேரம். கைக்குழந்தையோடு ஒரு பெண் கடைக்கு வந்தாள். குழந்தைக்குப் பிசைந்து கொடுக்க வெண்ணெய்ப்பழம் வேண்டும், இருப்பதெல்லாம் கல்லு மாதிரி இருக்கிறதே என்றாள். இந்த மாதிரி ஆட்களுக்கு என்று சித்தப்பா ஒரு பாட்டு வைத்திருக்கிறார். யார் கேட்டாலும் எழுத்து மாறாது.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க. இதைக் கனிஞ்ச வாழைப்பழத்தோட சேர்த்து ஒரு பையில கட்டி வைங்க. பழம் மூச்சு விடும். அந்த மூச்சு பட்டுச்சுன்னா பக்கத்துல எந்தக் காயும் சும்மா இருக்காது. அது பாட்டுக்கு வயசுக்கு..."

அங்கே நின்றுவிட்டார்.

பையை நீட்டிய கை நீட்டினபடியே இருந்தது. அந்தப் பெண் பையை வாங்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். சித்தப்பா தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார். நேராக அண்ணாந்தால் கடையின் கூரைதான் தெரியும். அதையே பார்த்தார். அப்புறம் பையைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். பருமனான மனுஷர் படியை இரண்டிரண்டாகத் தாண்டியதை அன்றுதான் பார்த்தேன்.

வந்தவளுக்கு வேண்டியதைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு நானும் மேலே போனேன். முன்னறை நடுவில் நின்றுகொண்டிருந்தார். ஜன்னலுக்குக் கீழே நேற்றைய வாழைப்பழக் கூடை. கட்டிலுக்கு அடியில் மாம்பழப் பெட்டி. பின்னறைக் கதவு திறந்து கிடந்தது. அதன் வழியாக அந்தக் கதகதப்பான வாசனை வந்துகொண்டிருந்தது. எங்களுக்கு அது வாசனையாகவே தெரியாது, பிறந்ததிலிருந்து மூக்கிலேயே இருப்பது.

"நான்தான்டி" என்றார். "ஊருக்கெல்லாம் சொல்றேன். தினமும் சொல்றேன். நானே கொண்டுவந்து அது மூக்குக்குக் கீழ வெச்சிருக்கேன். வெச்சுட்டுப் பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டு வேற இருக்கேன்."

"செடி தப்பா எடுத்துக்கல சித்தப்பா. பேச்சைக் கேட்டு உதிரல பாருங்க, அதுவரைக்கும் சந்தோஷம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் அது அவ்வளவு நன்றாக வரவில்லை.

செடிக்குப் பழம் இல்லாத இடம் வேண்டும், உடனே. கீழே எங்கள் பகுதி உதவாது, கடைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கதவுதான். தெருவைத் தாண்டினால் கண்ணாடிக்கடை. அங்கே ஜன்னலும் உண்டு, குளிர்ந்த காற்றும் உண்டு. அக்காவின் நாக்கும் உண்டு. சித்தப்பா சோப்புப் போட்டுக் குளித்து, சலவைச் சட்டை மாட்டி, தொட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தெருவைக் கடந்தார். பஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி வழிவிட்டார்.

"என்ன பழக்காரரே, பெண் பார்க்கக் கிளம்பினாப்ல இருக்கு?"

"கண்ணாடிம்மா, இதைக் கொஞ்ச நாள் உங்க கடையில..."

"நான் என்ன நர்சரியா வெச்சிருக்கேன்?"

"பழம் இல்லாத இடம் வேணும். வீட்ல நிக்க மாட்டேங்குது. அவ வர்றா." வியாபாரத்தைத் தவிர வெளியாளிடம் அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

அக்கா அவரையும் பார்த்தாள், செடியையும் பார்த்தாள். கல்லாவுக்குப் பின்னால் கையை விட்டு, மதியத்துக்கு வைத்திருந்த ஆப்பிளை எடுத்து என்னிடம் நீட்டினாள். "இந்தா வாலு, நீயே முழுங்கித் தொலை. நாலு நாளா உள்ள மாவா இருக்கறதைத்தான் உங்க சித்தப்பா எனக்குத் தள்ளிவிடறார், அதை நிறுத்தினதுக்காவது இந்தச் செடி நல்லா இருக்கட்டும்."

கடைக்குள் சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. செடியை ஜன்னல் ஓரம் வைத்ததும் ஒரு தண்டு பத்துத் தண்டானது, எந்தப் பக்கம் திரும்பினாலும் மொட்டு. சித்தப்பா என்னிடம் கை நீட்டினார். "உன் ஸ்டிக்கர் ஒண்ணு குடு." ஆப்பிளிலிருந்து உரித்துக் கொடுத்தேன். தொட்டியில், வெளிச்சத்தைப் பார்த்த பக்கத்தில் ஒட்டினார். "இது எப்பவும் ஜன்னலையே பார்க்கணும். திருப்பினீங்கன்னா மொட்டு எந்தப் பக்கம் பார்க்கறதுன்னு தெரியாம முறுக்கிக்கும்." அத்தனை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன், உருப்படியான ஒரு வேலைக்குப் பயன்பட்டது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு சித்தப்பா செடியின் பக்கம் போகவில்லை. தன் மேலேயே அந்த மூச்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அவருக்கு ஒரு எண்ணம். கடையில் நின்றுகொண்டே தெருவுக்கு அந்தப் பக்கம் பார்ப்பார். நடுவில் பஸ் வந்து நின்றால் கழுத்தை நீட்டுவார். அக்கா உள்ளிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவாள். ஒருநாள் வேண்டுமென்றே தலையில் கை வைத்து உட்கார்ந்து காட்டினாள். எடைக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டே பாதித் தெரு வரை ஓடியவரைப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்தத் தெருவில் நான் ஒருத்திதான் வாலு என்று நினைத்திருந்தேன்.

செடி வெளியே போன பிறகு அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னல் விளிம்பில் தொட்டி இருந்த இடத்தில் ஒரு வட்டத் தடம். அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் எழுந்து பின்னறைக்குப் போய் முதல் பெட்டியைத் தூக்கினார்.

"என்ன பண்றீங்க சித்தப்பா?"

"செடியை வேற வீட்ல விட்டாச்சு. அவளையும் வேற வீட்ல விட முடியுமா?"

பெட்டிகளைக் கொல்லைப்பக்கத்துச் சைக்கிள் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். கொட்டகையில் நின்ற அப்பாவின் பைக் வெளியேற்றப்பட்டது. "மழை பெஞ்சா?" என்று அப்பா கேட்டார். "நனையும்" என்றார் சித்தப்பா. தம்பி எதிர்த்துப் பேசி அப்பா கேட்டதே இல்லை போல, வாயைத் திறந்தபடி பைக்கைத் தள்ளிக்கொண்டு போனார்.

பெட்டிகள் குறையக் குறையப் பின்னறைக்குள் வேறு ஒரு அறை வெளியே வந்தது. சுவரோரம் ஒரு கண்ணாடி வைத்த மேசை, சித்தி கல்யாணத்துக்கு வந்தது. இழுப்பறையைத் திறக்க முடியாதபடி அதன் முன்னால் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே பெட்டி அடுக்கியிருந்திருக்க வேண்டும். உள்ளே ஒரு சீப்பு, வளையல் இரண்டு, காய்ந்துபோன நகப்பூச்சு. மேசையைத் தாண்டி, சாக்குத் திரைக்குப் பின்னால், ஒரு ஜன்னல். அந்த அறையில் ஜன்னல் இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சித்தப்பா அதைத் தள்ளித் திறந்தார். காலை வெயில் மெத்தென்று உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தது.

"இந்த ஜன்னலைப் பார்த்துட்டுத்தான் அவ இந்த வீடு பிடிச்சிருக்குன்னு சொன்னா" என்றார். துணியை நனைத்து ஜன்னல் கம்பியை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார். நானும் தரையைத் தேய்த்தேன். அந்த வாசனை போக மாட்டேன் என்று அடம் பிடித்தது. கதவையும் ஜன்னலையும் நாள் முழுக்கத் திறந்து போட்டோம். அப்புறம் கண்ணாடிக்கடை அக்காவைக் கூட்டிவந்து முகர்ந்து பார்க்கச் சொன்னோம், எங்கள் மூக்கை நம்பிப் பிரயோஜனம் இல்லையே. "இப்ப மனுஷன் குடியிருக்கற மாதிரி இருக்கு" என்றாள்.

சித்தி வந்த அன்று காலை எதிர்க்கடையில் முதல் பூ முழுதாக விரிந்திருந்தது, இரண்டாவது பாதி. நான் பார்த்தேன், அக்கா பார்த்தாள். சித்தப்பா தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பி நின்று ஒரு சாத்துக்குடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

ஆட்டோ நின்றது. கப்பலில் நடந்து பழகிய நடை, கால் அகட்டி, தரை ஆடுகிற மாதிரி. என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, அவரைப் பார்த்து, "இளைச்சுட்டீங்க" என்றாள். "சாப்டியா" என்றார் அவர். பெட்டியைக் கடையிலேயே நிறுத்திவிட்டு நேராக மாடிக்குப் போனாள். நாங்கள் பின்னால் போனோம்.

முன்னறை ஜன்னலில் அந்த வட்டத் தடம் மட்டும்.

சித்தி அதைப் பார்த்தபடி நின்றாள். "செத்துப்போச்சா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. இது நடக்கும் என்று தெரிந்த குரலில் கேட்டாள்.

சித்தப்பாவுக்கு வாய் ஒட்டிக்கொண்டது. "இல்லம்மா, அது... எதிர்ல..." பிறகு கையைப் பிடித்தார். எங்கள் முன்னால் அவர் சித்தியின் கையைப் பிடித்து நான் பார்த்ததில்லை. பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பின்னறைக் கதவைத் திறந்தார்.

ஜன்னல். வெயில். கண்ணாடி மேசை. வேறு ஒன்றுமே இல்லை.

சித்தி உடனே உள்ளே போகவில்லை. வாசற்படியிலேயே நின்று, தரையைப் பார்த்து, கட்டிலுக்கு அடியில் தேடுகிற மாதிரி மூலை மூலையாகப் பார்த்தாள். பிறகு மேசைக்குப் போய் இழுப்பறையை இழுத்தாள். அது திறந்தது. மூடினாள். மறுபடி திறந்தாள்.

"பழமெல்லாம் எங்க?"

"கொட்டகையில. அதோட மூச்சு பட்டுத்தான் மொட்டு விழுந்துக்கிட்டே இருந்துச்சு. எனக்குத் தெரியல. தெரிஞ்சிருக்கணும். என் தொழிலே அதுதான். தெரியல." மூச்சு வாங்கினார். "இப்ப எதிர்ல பூத்திருக்கு."

எதிர்க்கடைக்குப் போனோம். அக்கா எழுந்து நின்று, எந்தக் கிண்டலும் இல்லாமல் ஒதுங்கி வழிவிட்டாள். அத்தனை கண்ணாடியிலும் ஒன்றரைப் பூ. சித்தி கிட்டே போய்க் குனிந்தாள். முகரவில்லை. சும்மா பார்த்தாள். சித்தப்பா வாசலிலேயே நின்றார், தன் மூச்சு பட்டுவிடும் என்று.

"உள்ள வாங்க" என்றாள் சித்தி.

"வேணாம்மா, என் மேல..."

"வாங்கன்றேன்ல." வந்தார். "செடிகிட்ட தினம் என்னமோ பேசுவீங்களாமே. வாலு போன்ல சொன்னா. அதை என்கிட்ட சொல்லுங்க."

சித்தப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் அவசரமாக ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகையைப் படித்தேன்.

"இந்தா பாரும்மா" என்று ஆரம்பித்தார். நின்றார். பப்பாளிக்குத்தான் போகப் போகிறார் என்று நினைத்தேன். "நீ அந்தப் பக்கம் போனா, இந்தப் பக்கம் எனக்கு ஒண்ணும் ஓடலம்மா. போகாத."

தெருவில் ஒரு பஸ் வந்து நின்று, ஆள் இறக்கி, போனது.

"இன்னும் எத்தனை மொட்டு இருக்கு?" என்றாள் சித்தி.

"ஏழோ எட்டோ."

"கடைசி மொட்டு விரிஞ்சு, அது வாடற வரைக்கும் இருக்கேன். அப்புறம் பார்க்கலாம்."

கண்ணாடிக்கடை அக்காவுக்கு அதற்கு மேல் நாக்கை அடக்க முடியவில்லை. "அம்மாடி, விவரம் தெரியாமச் சொல்லாத. இது ஒண்ணு பூத்தா மாசக்கணக்குல நிக்குமாம். உன் கப்பல் அதுக்குள்ள போய்ச் சேர்ந்துடும்."

"தெரியும்" என்றாள் சித்தி, பூவிலிருந்து கண்ணை எடுக்காமல். "அங்க பயணிங்க விட்டுட்டுப் போய், நான் குப்பையில போட்டதெல்லாம் அப்படிப் பூத்துக்கிட்டே இருந்ததுதான்."

அன்று மதியமே செடி வீட்டுக்கு வந்தது. இன்னும் சில நாள் பொறுக்கலாமே என்று சித்தப்பா கெஞ்சினார். "அவ்வளவு தூரம் என் மடியில வந்தது, ஒரு தெருவைத் தாண்டாதா?" என்று சித்தியே தூக்கிக்கொண்டு வந்தாள். ஸ்டிக்கர் ஜன்னலையே பார்க்கணும், திருப்பினால் மொட்டு முறுக்கிக்கும் என்று சித்தப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். பின்னறை ஜன்னல் கொஞ்சம் உயரம். தரையில் வைத்தால் வெளிச்சம் எட்டவில்லை. மேசை எதிர்ச் சுவரில் இருந்தது. ஸ்டூல் தேடிக் கீழே போன நான், கையோடு சித்தியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தேன். எப்போதும் வாசல் ஓரத்திலேயே, பிரித்தும் பிரிக்காமலும், கைப்பிடியை நீட்டிக்கொண்டு நிற்கும் பெட்டி. சித்தி அதிலிருந்து துணியை எல்லாம் எடுத்து முன்னறைக் கட்டிலில் போட்டாள். காலிப் பெட்டியை ஜன்னலுக்குக் கீழே நிறுத்தினாள். கைப்பிடியை உள்ளே தள்ளினாள். அதன் மேல் தொட்டியை வைத்தாள், ஸ்டிக்கர் ஜன்னலைப் பார்க்கும்படி. அளவு சரியாக இருந்தது.

சித்தப்பா தள்ளி நின்று பார்த்தார். "பெட்டி வேணும்னா?" என்றார் மெதுவாக.

"செடியை நகர்த்தணும். நகர்த்தினா மொட்டு முறுக்கிக்கும்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமா."

"அப்புறம் என்ன?"

கீழே கடையில் யாரோ கூப்பிட்டார்கள், வெண்ணெய்ப்பழம் கல்லு மாதிரி இருக்கிறதாம், எப்படிப் பழுக்க வைப்பது என்று கேட்டார்கள். சித்தப்பா படியிறங்கினார். அவர் முதுகு நடுவில் ஒரு குட்டி ஸ்டிக்கர் மினுங்கிக்கொண்டு போனது. சத்தியமாக நான் ஒட்டவில்லை. திரும்பிப் பார்த்தேன். சித்தி ஒரு துண்டை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள், யானையோ குரங்கோ, இன்னும் உருவம் வரவில்லை.